எருப் போட்ட வயல் எது? ஆகாயத்தில் இருந்து சொல்கிறது செயற்கைக்கோள்!

கோட்டாற்றைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிறது. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் இந்த வயல்களுக்கு உயிர். தண்ணீருக்கு அடுத்தபடி வேண்டியது எரு.

ஒரு விவசாயி வயலில் சாணி எருவைப் பரப்புகிறார். வரப்பில் நிற்பவருக்கு அது தெரியும். 786 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளுக்குத் தெரியுமா?

தெரியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்!

எப்படித் தெரிகிறது?

வெயில் பட்டதும் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாக ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. எருப் பரப்பிய மண் கறுத்துத் தோன்றும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலும் அந்த மண் மாறுபட்டுத் தெரியும். எருப் போடுவதற்கு முன் எடுத்த படத்தையும், போட்ட பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும்.

ஐரோப்பாவின் 'சென்டினல்-2' செயற்கைக்கோள்கள் 2015-லும் 2017-லும் ஏவப்பட்டன. அவற்றின் படங்களைக் கொண்டு பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சாண எருவும் மக்கிய குப்பை உரமும் போட்ட வயல்களை ஆராய்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள்.

இந்த வித்தை நமக்குப் புதிது அல்ல. பேராசிரியர் பிஷாரடி குழுவினர் 1970-ல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளால் கேரளத் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்தார்கள். வேர்வாடல் நோய் கண்ட மரங்களை அடையாளம் காண்பதே நோக்கம். இந்தியாவில் தொலையுணர்வு இப்படித்தான் தொடங்கியது!

எதற்கு இந்த வேலை?

அளவுக்கு மீறி எருப் போட்டால் நைட்ரேட் உப்பு கசிந்து கிணற்று நீரைக் கெடுக்கும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. அதனால் ஐரோப்பிய நாடுகள் 1991-லேயே சட்டம் போட்டு எருவுக்குக் கட்டுப்பாடு வைத்தன. நம் நாட்டிலோ, இயற்கை விவசாயம் செய்பவர் உண்மையிலேயே தொழுவுரம் போட்டார் என்பதற்கு இந்தப் படம் ஒரு சாட்சி ஆகலாம்.

நம் வயலுக்கு ஏற்குமா?

இங்கேதான் சிக்கல். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி என்பது, நிலத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதாவது, சுமார் இரண்டரை சென்ட். எருவைக் காட்டிக்கொடுக்கும் அகச்சிவப்புப் படத்திலோ ஒரு புள்ளியே ஏறக்குறைய பத்து சென்ட்! சிறு வயல் என்றால் பக்கத்து வயலும் வரப்பும் சேர்ந்தே விழும்.

மண்ணை உழுது எருவைப் புதைத்து விட்டால் தெரியாது. தண்ணீர் கட்டினாலும் தெரியாது. மேகம் மூடினாலும் தெரியாது. நாஞ்சில் நாட்டுக்கோ இரண்டு பருவ மழையும் உண்டு!

2025 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 'நிசார்' செயற்கைக்கோளை ஏவின. அதைச் சுமந்து சென்றது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட். அந்த ரக ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜின்கள் சோதிக்கப்படுவது, நமக்குப் பக்கத்தில் உள்ள மகேந்திரகிரியில்தான். நிசாரின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால், அது காட்டுவது மண்ணின் ஈரத்தையும் மேடு பள்ளத்தையும்தான். எருவின் நிறத்தை அல்ல.

ஆகையால், படத்தில் தெரியவில்லை என்பதற்காக, "இவர் எருப் போடவில்லை" என்று ஓர் ஏழை விவசாயி மீது பழி போட்டுவிடக் கூடாது. சந்தேகம் வந்தால், அதிகாரி வரப்பில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்க்க வேண்டும். அதுதான் நியாயம்!