பனிமலை ஏறும் 'எஸ்யுவி'கள்: இழுப்பது என்ஜின், நிறுத்துவது டயர்!

புது தில்லி: தீபாவளி முடிந்து தலைநகரின் காலைக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கியதும், கரோல் பாக், காஷ்மீரி கேட் பகுதிகளில் உள்ள வாகன உதிரி பாகக் கடைகளில் ஒரு கேள்வி எழத் தொடங்கிவிடும். பனிக்காலத்துக்கு எந்த டயர் வாங்குவது என்பதே அது.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தில்லிவாசிகளில் மிகச் சிலருக்கே இந்தக் கேள்வி தேவைப்பட்டது. மலைக்குப் போக விரும்பியவர்கள் பேருந்திலோ வாடகைக் காரிலோ சென்றனர். பனி விழுந்த சாலையை உள்ளூர் ஓட்டுநர் பார்த்துக்கொண்டார். இன்று நிலைமை வேறு. அகலமான சக்கரமும் வேகமான என்ஜினும் கொண்ட எஸ்யுவி வாகனங்கள் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துவிட்டன. 2020 அக்டோபர் 3-ம் தேதி திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை, குளிர்காலத்தில் எட்டாத இடமாக இருந்த லாஹுல் பள்ளத்தாக்கை மணாலியிலிருந்து சிறிது நேரப் பயணமாக மாற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு தில்லியில் புறப்படும் குடும்பம், மறுநாள் பிற்பகலில் பனியில் விளையாடுகிறது.

சாலை மாறிவிட்டது, வாகனமும் மாறிவிட்டது. சக்கரத்தில் இருக்கும் டயர் மட்டும் பெரும்பாலும் தில்லி வெயிலுக்காக வாங்கியதாகவே இருக்கிறது.

அதன் விளைவை 2024 டிசம்பர் இறுதியில் நாடு கண்டது. சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் பனியில் சிக்கிக்கொண்டன. சுற்றுலாப் பயணிகளைப் போலீஸார் கடும் குளிரில் மீட்க வேண்டியிருந்தது. சரிவான சாலையில் வாகனங்கள் கட்டுப்பாடின்றி வழுக்கிச் செல்லும் காட்சிகள் எங்கும் பரவின.

நான்கு சக்கர விசை போதுமா?

எஸ்யுவி உரிமையாளர்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை, நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசை செல்லும் வாகனம் பனியில் பாதுகாப்பானது என்பதாகும். இது பாதி உண்மைதான். நின்ற இடத்திலிருந்து நகரவும், ஏற்றத்தில் ஏறவும் நான்கு சக்கர விசை பெரிதும் உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது. எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, உள்ளங்கை அளவுக்குச் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு ரப்பர் துண்டுகளே.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம், உலர்ந்த தார்ச் சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் சாதாரண டயருடன் அதே வாகனம் நிற்க ஏறத்தாழ 30 மீட்டர் தேவை. கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் 60 மீட்டரையும் தாண்டும். இவை சமதளத்துக்கான கணக்குகள். இறக்கத்தில் தூரம் இன்னும் கூடும். மலைச் சாலையில் அடுத்த வளைவு 60 மீட்டருக்குள்ளேயே வந்துவிடலாம். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கருவி, இருக்கும் பிடிப்பைப் பயன்படுத்திக்கொள்ளுமே தவிர, இல்லாத பிடிப்பை உருவாக்காது.

இந்தியாவில் விற்பனையாகும் எஸ்யுவிகளில் பெரும்பாலானவை தோற்றத்தில் மட்டுமே மலைவாகனங்கள். அவற்றில் இரு சக்கரங்களுக்கே என்ஜின் விசை செல்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஏழு டிகிரி எல்லை

குளிர்கால டயர் என்பது வெறும் விற்பனைத் தந்திரமா? இல்லை. வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, சாதாரண டயரின் ரப்பர் படிப்படியாக இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாமல் வழுக்குகிறது. பனியே இல்லாத, வெறும் குளிர்ந்த சாலையிலும் இந்தக் குறை உண்டு.

குளிர்கால டயரின் ரப்பர், குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. டயரின் 'பட்டன்' எனப்படும் மேடுகளில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகள் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. கீற்றுகளில் தங்கும் பனி, சாலையில் உள்ள பனியுடன் ஒட்டுவதும் பிடிப்புக்குக் காரணமாகிறது. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-ல் லாரிகளுக்காகத் தொடங்கிய இந்த வகை, இன்று குளிர் நாடுகளில் வீட்டுக்கு வீடு உள்ள பொருள்.

வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட எஸ்யுவிகளில் சிக்கல் சற்று அதிகம். அவற்றின் டயர்கள் அகலமானவை, பக்கச்சுவர் உயரம் குறைந்தவை. நெடுஞ்சாலை வளைவில் இது நன்மை. பனியிலோ, அகலமான டயர் அழுத்தம் பரவி மேலே மிதக்கப் பார்க்கும். குறுகிய டயர் அழுந்திப் பிடிக்கும்.

பக்கச்சுவர் சொல்லும் செய்தி

கடைக்காரர் சொல்வதைவிட டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பதே நம்பத்தக்கது. 'எம் + எஸ்' என்ற எழுத்துகள் சேறு, பனி ஆகியவற்றைக் குறிக்கும். ஆனால் இது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் முத்திரை. பனியில் சோதித்ததற்கான சான்று அன்று. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனித்துகள் வடிவமும் உள்ள முத்திரைதான், பனியில் சோதித்துத் தேறியதைக் காட்டும். குளிர்காலச் சாலைகளுக்கு இந்த மலை முத்திரை உள்ள டயரை மட்டுமே 2024 அக்டோபரிலிருந்து ஜெர்மனி ஏற்கிறது. இந்தியாவில் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கும் சட்டம் ஏதும் இல்லை. எனவே வாங்குபவரே தமக்குக் காவல்.

'235/60 ஆர் 18 103 வி' என்பது ஓர் எடுத்துக்காட்டு அளவு. 235 மில்லி மீட்டர் அகலம். அதில் 60 சதவீதம், அதாவது 141 மி.மீ. பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம், 103 என்பது ஒரு டயர் 875 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு, 'வி' என்பது மணிக்கு 240 கி.மீ. என்ற வேக வரம்பு. மாற்று டயரின் சுமைக் குறியீடு, கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறையவே கூடாது.

அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்கும் வழக்கம் தலைநகரில் அதிகம். மலைக்குச் செல்பவர்களுக்கு நேர்மாறான வழியே உகந்தது. 235/60 ஆர் 18-க்குப் பதிலாக 235/65 ஆர் 17 பொருத்தினால், சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ மாறாது. பக்கச்சுவர் மட்டும் சுமார் 12 மி.மீ. கூடும். குழியில் விழுந்தால் ரிம் வளைவது குறையும். ஆயினும், சிறிய ரிம் பிரேக் பாகங்களில் உரசாது என்பதையும், கார் நிறுவனம் அந்த அளவை ஏற்கிறது என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நான்கு இலக்கங்களில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பார்ப்பது அவசியம். '2824' என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 28-வது வாரத்தில் செய்தது என்று பொருள். கடையிலேயே பல ஆண்டுகள் கிடந்த டயர், பட்டன் தேயாவிட்டாலும் புதிய டயர் ஆகாது.

சந்தையில் கிடைப்பது என்ன?

கார் டயர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. உள்நாட்டு உற்பத்திக்கு இது ஊக்கம் தந்தது. ஆனால் தேவை மிகக் குறைவாக உள்ள குளிர்கால டயர் போன்றவற்றை, விரும்பிய அளவில் வாங்குவது கடினமாகவே உள்ளது.

சென்னையை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளிலிருந்து வடக்கே வரும் டயர்களும் இச்சந்தையில் உண்டு. உள்நாட்டு விற்பனைக்கான டயர்கள் பெரும்பாலும் வெயிலையும் கரடுமுரடான சாலையையும் தாங்குவதற்கானவை. தொழில்நுட்பம் இங்கே இல்லை என்பதன்று. குர்கானைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போலோ நிறுவனம், குளிர்கால டயர்களில் நீண்ட அனுபவமுள்ள நெதர்லாந்தின் விரெடெஸ்டைன் நிறுவனத்தை 2009-லேயே வாங்கிவிட்டது. இங்கே குறைவாக இருப்பது, கேட்டு வாங்குபவர்களின் எண்ணிக்கைதான்.

2025 செப்டம்பர் 22 முதல் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, டயர் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர்களுக்கு ஓரளவு ஆறுதல்.

யாருக்கு எது?

வாகனம் தன் நாள்களை எங்கே கழிக்கிறது என்பதே இந்தத் தேர்வின் அடிப்படை.

சிம்லாவின் மேட்டுப்பகுதிகளிலோ, ஸ்ரீநகரிலோ, லேயிலோ வசிப்பவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை தனி குளிர்கால டயர்கள் நியாயமான செலவு. ஒரு தொகுப்பு ஓடும்போது மற்றொன்று தேயாமல் இருப்பதால், இரண்டுமே கூடுதல் காலம் உழைக்கும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பனியைப் பார்க்கச் செல்லும் தில்லிவாசிக்கு அது பொருந்தாது. தலைநகரில் குளிர்கால இரவில் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனாலும், பகலில் அது அவ்வாறு நீடிப்பதில்லை. மென்மையான குளிர்கால ரப்பர், 45 டிகிரி கோடையில் விரைவில் தேய்ந்துபோகும். வெப்பச் சாலையில் பிரேக் பிடிப்பும் குறையும். இவர்களுக்கு, மலை முத்திரை பெற்ற அனைத்துப் பருவ டயர் தங்கள் அளவில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால், ஈரச் சாலையில் நல்ல பிடிப்புள்ள நெடுஞ்சாலை டயரும், வண்டியில் ஒரு ஜோடி பனிச் சங்கிலியும் போதும்.

பெரிய பெரிய பட்டன்களுடன் முரட்டுத் தோற்றம் தரும் கரடுமுரடுப் பாதை டயர்களைக் கண்டு ஏமாறுவோர் பலர். சேற்றிலும் கல்லிலும் அவை சிறந்தவை. மெல்லிய கீற்றுகளும் மலை முத்திரையும் இல்லையெனில், உறைந்த சாலையில் அவற்றின் முரட்டுத்தனம் பயன்படாது.

சங்கிலியும் சில எச்சரிக்கைகளும்

பனிப்பொழிவுக்குப் பின், காஷ்மீரின் டங்மார்க் - குல்மார்க் சாலையிலும் மணாலிக்கு மேலும், நான்கு சக்கர விசை வாகனங்களையும் சங்கிலி பூட்டியவற்றையும் மட்டுமே அனுமதிப்பது வழக்கம். சங்கிலி டயரின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். முன்சக்கர விசை வாகனத்தில் முன்பக்கம் பூட்ட வேண்டும்; நான்கு சக்கர விசை வாகனத்துக்கு உரிமையாளர் கையேட்டைப் பார்க்க வேண்டும். அகல டயர் உள்ள சில வாகனங்களில் சங்கிலிக்கு இடமே இராது; அதையும் கையேடு சொல்லும். மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் செல்லாதிருப்பதும், தார்ச் சாலை தெரிந்ததும் கழற்றிவிடுவதும் நல்லது. பூட்டிப் பழகுவதற்கு உகந்த இடம் வீட்டு வாசல். உறைபனியில் விரல் மரத்த பின் அல்ல.

கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். பனிக்கு அந்த ஆழம் போதாது. குளிர்கால டயருக்கு 4 மி.மீ. ஆழம் வேண்டும் என்கிறது ஆஸ்திரியச் சட்டம். பாதி தேய்ந்த டயருடன் மலையேறுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

டயர்களை நான்காகவே மாற்றுவது நல்லது. நான்கு சக்கர விசை வாகனத்தில் ஆழம் வேறுபட்டால், விசையைப் பகிரும் பாகங்கள் பழுதாகலாம். இரண்டுதான் இயலும் என்றால், புதியவற்றைப் பின்பக்கம் பொருத்த வேண்டும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும் என்பதே காரணம். புதிய டயர் முதல் 200, 300 கி.மீ. வரை முழுப் பிடிப்பைத் தராது. ஆகவே பயணத்தின் முன்தினம் மாற்றுவதைவிட, இரு வாரங்களுக்கு முன்பே மாற்றி, அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்துவிடலாம்.

காற்றழுத்தமும் கவனிக்கத் தக்கது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். மறுபுறம், உயரம் ஏற ஏற மானி சற்றுக் கூடுதலாகக் காட்டும். எனவே தில்லியில் வைத்த அழுத்தத்தை நம்பாமல், மலையில் காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து சரிசெய்வதே முறை. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டெப்னி தராமல் பஞ்சர் ஒட்டும் கருவி மட்டும் தரும் வாகனமானால், அதை இயக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலைக்கே போகாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. யமுனா விரைவுச் சாலையில் ஜனவரி மாத மூடுபனிக்கிடையே, முன்னே நிற்கும் லாரியின் சிவப்பு விளக்கு திடீரெனத் தெரியும்போது, ஈரம் படிந்த சாலையில் வண்டியை நிறுத்துவதும் அதே நான்கு டயர்கள்தான். ஒலிபெருக்கியும் மேற்கூரைக் கண்ணாடியும் பார்த்து வாங்கிய வாகனத்தில், குழந்தைகளைப் பின்னிருக்கையில் அமர்த்தி மலையேறுமுன், ஒருமுறை குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது பெரிய வேலையன்று. மலை உச்சியை அடைய எந்த வாகனமும் உதவலாம்; பத்திரமாகக் கீழே இறங்க நல்ல டயர் வேண்டும்.