சூசையப்பரின் மௌனமும் கணவர்களின் மௌனமும்



நான்கு நற்செய்திகளையும் தொடக்கமுதல் இறுதிவரை வாசித்தாலும், புனித சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தையேனும் நமக்குக் கிடைப்பதில்லை. அன்னை மரியா பேசுகின்றார். செக்கரியா இறைவனைப் பாடுகின்றார். முதியவரான சிமியோனும் வாய் திறக்கின்றார். திருக்குடும்பத்தின் தலைவர் மட்டும் மௌனமாகவே இருக்கின்றார். நம் குடும்பத் தலைவர்கள் சிலர் தங்கள் மௌனத்திற்கு அவரைச் சாட்சியாக அழைப்பதுண்டு. "வீட்டுக் காரியமெல்லாம் அவதான் பார்க்கிறா, சுவாமி. நான் ஒன்றிலும் தலையிடுவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை" என்று பெருமையுடன் கூறுவோரும் உளர்.

ஆனால் சூசையப்பரின் மௌனம் அத்தகையதா?

மத்தேயு நற்செய்தியைத் திறந்து பாருங்கள். மரியாவை ஏற்பதா, விலக்குவதா என்று அவர் ஆழ்ந்து சிந்திக்கின்றார். இறைவனின் விருப்பம் தெளிவானதும், விழித்தெழுந்து அவரை மனைவியாக ஏற்றுக்கொள்கின்றார். குழந்தையின் உயிருக்கு ஏரோதுவால் ஆபத்து என்று அறிந்ததும், விடியும்வரை காத்திராமல் இரவோடிரவாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகின்றார். திரும்பி வரும்போது யூதேயாவில் அர்க்கெலாயு ஆட்சி செய்வதைக் கேள்வியுற்று அஞ்சுகின்றார். கனவில் எச்சரிக்கப்பட்டுக் கலிலேயாவின் நாசரேத்தில் குடியமர்கின்றார். திருமணம், பாதுகாப்பு, இடப்பெயர்வு, குடியிருப்பு ஆகிய அனைத்திலும் அவர் இறைவனுக்குச் செவிமடுத்தார், சிந்தித்தார், செயற்பட்டார். அவர் பேசவில்லை, ஆனால் விலகியிருக்கவுமில்லை.

லூக்கா நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, பெற்றோர் இருவருமே திரும்பிச் சென்று தேடினர். மூன்று நாள்களுக்குப் பின் ஆலயத்தில் மகனைக் கண்டதும் பேசியவர் மரியாதான். எனினும் அவர் தம்மை மட்டும் குறிப்பிடவில்லை. தந்தையை முதலிலும் தம்மை அடுத்தும் வைத்து, இருவரும் மனம் வருந்தித் தேடியதை எடுத்துரைத்தார். கணவர் வாய் திறவாமலேயே, அவருக்கும் சேர்த்து மனைவி உரிமையோடு பேச முடிந்தது. உங்கள் மனைவியால் உங்கள் பிள்ளையிடம் அவ்வாறு சொல்ல முடியுமா?

முதல் நன்மைக்கான பெற்றோர் கூட்டங்களில் பெரும்பாலும் தாய்மாரையே காண்கின்றோம். பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் அலைபவர்களும் அவர்களே. பிள்ளை எதைக் கேட்டாலும் "அம்மாவிடம் கேள்" என்பதே பல தந்தையரின் பதிலாக உள்ளது. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின் வடக்கு கிழக்குக் கிராமங்களில் பரவிய நுண்கடன்களை எண்ணிப் பாருங்கள். அவை பெரும்பாலும் பெண்களின் பெயரிலேயே வழங்கப்பட்டன. குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று, தவணை கட்டும் பொறுப்பு அவர்கள்மேல் விழுந்தது. வாங்கிய பணம் வீட்டுத் தேவைக்கு, சிலவேளை கணவரின் தொழிலுக்கே செலவாகியிருக்கும். தவணைக்காரர் படலையில் வந்து நிற்கும்போது மட்டும் அது "அவவின் கடன்" ஆகிவிடுவதேன்?

போரிலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் கணவரை இழந்து, தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கிய சகோதரிகள் நம் பங்குகளில் பலர் உளர். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கணவர் வீட்டில் இருக்கும்போதே ஒரு பெண் அதே தனிமையைச் சுமப்பது நீதியாகுமா?

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. தாமே அனைத்தையும் தீர்மானித்து, மனைவிக்கு அறிவித்தல் மட்டும் கொடுப்பவர்கள் தங்களைத் தலைவர்கள் என்கின்றனர். அதற்குப் பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். மனைவியர் பணிந்திருத்தல் பற்றிச் சொல்லுமுன், ஒருவருக்கொருவர் பணிந்திருக்குமாறு அனைவரிடமும் அவர் கேட்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் அன்பு செய்யுமாறு கணவரிடம் கேட்பதையும் மறந்துவிடுகின்றனர். கிறிஸ்துவின் தலைமை சிலுவையில் விளங்கிய தலைமை அல்லவா?

1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிள்ளைகளின் உருவாக்கத்திற்குத் தந்தையின் செயலூக்கமுள்ள உடனிருப்பு பெரிதும் உதவும் என்று கற்பித்தது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1981 இல் குடும்பம் பற்றி எழுதியபோது, தந்தை விலகி நிற்பதையும் அடக்கியாள்வதையும் ஒருங்கே கண்டித்தார். திருமண வாழ்வுக்குரியவற்றில் கணவன், மனைவி இருவருக்கும் சமமான கடமையும் உரிமையும் உண்டு என்பது திருச்சபைச் சட்டத்தின் 1135 ஆம் இலக்கம். திருமணத்தையே இருவரின் சம்மதம்தான் உண்டாக்குகின்றது. பீடத்தின்முன் அன்று உங்கள் இருவரிடமும் கேட்கப்பட்ட சம்மதம், அன்றோடு முடிந்துவிட்டதா?

ஆகவே கணவர்களே, சிறியதொன்றிலிருந்து தொடங்குங்கள். வாரத்தில் ஓர் இரவு, குடும்பச் செபம் முடிந்தபின், தொலைக்காட்சியையும் கைபேசியையும் ஒதுக்கிவிட்டு மனைவியுடன் அமருங்கள். அவ்வாரத்தின் வரவையும் செலவையும் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்தக் கடனாயினும், எவர் பெயரிலாயினும், இருவரும் அறிந்தபின்பே கையெழுத்து இடப்படட்டும். பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயரையும், அவன் எந்தப் பாடத்தில் இடர்ப்படுகின்றான் என்பதையும் அறிந்திருங்கள். மகளின் திருமணப் பேச்சில் முதலில் அவளது மனத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் உழைப்பவராயின், "பணம் அனுப்பிவிட்டேன்" என்பதோடு அழைப்பை முடிக்காமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று வினவுங்கள்.

மனைவியரே, நெடுநாள் பேசாதிருந்தவர் பேசத் தொடங்கும்போது தடுமாறலாம். "இப்போதுதான் கண் தெரிந்ததா?" என்று அவரது வாயை அடைத்துவிடாதீர்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மணிலா நகரில் குடும்பங்களைச் சந்தித்தபோது, உறங்கும் சூசையப்பரின் சிறு உருவம் ஒன்று தமது மேசையில் இருப்பதாகக் கூறினார். கவலை ஏற்படும்போது அதனை ஒரு தாளில் எழுதி, அவ்வுருவத்தின் கீழ் வைப்பாராம். அன்று அவர் மேலும் ஒன்றை நினைவூட்டினார்: உறக்கத்தில் இறைவனின் குரலைக் கேட்ட சூசையப்பர், எழுந்து அதன்படி செய்தார்.

குடும்பத் தலைவர்களே, உங்கள் வீட்டிலும் தீர்மானிக்கப்படாத காரியம் ஒன்று இன்று காத்திருக்கலாம். அதனை மனைவியின் தலையில் சுமத்திவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். முதலில் இருவருமாக முழந்தாளிடுங்கள்; பின் இருவருமாகவே எழுந்து நடவுங்கள். புனித சூசையப்பர் உங்களுக்காக மன்றாடுவாராக.