பித்தப்பையைக் காட்டும் ஒலி

மேல்வயிற்றில் வலி கண்டால் 'வாயு' என்று பெயரிட்டு, இஞ்சிச் சாறோ சோடாவோ குடித்து ஆறுதலடைவது நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களில் இவ்வழக்கத்துக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. வைத்தியரைத் தேடிப் பதுளைக்குப் புறப்பட்டால் அன்றைய பேர் போய்விடும். ஆகவே தாய்மார் பலர் வலியை அடக்கிக்கொண்டு கூடையோடு மலையேறுகின்றனர். கண் மஞ்சளித்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். வாயு என்று எண்ணியது சில வேளைகளில் பித்தப்பைக் கல்லாக இருந்துவிடுகிறது. கத்தியின்றி, வலியின்றிச் சில நிமிடங்களில் அக்கல்லைக் காட்டும் முறை இன்று உண்டு. 'ஸ்கேன்' என்று எல்லோரும் சொல்லும் கழியொலிப் பரிசோதனையே அது.

கல் பிறக்கும் விதம்

ஈரலின் கீழே, வலப்புற விலாவின் அடியில் ஒட்டிக் கிடப்பது பித்தப்பை. பண்டாரவளைச் சந்தையிற் காணும் பேரிக்காயின் வடிவம். நீளம் 7 முதல் 10 சென்ரிமீற்றர். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து, செறிவாக்கி, கொழுப்புணவு குடலை அடைந்ததும் சுருங்கி வெளியேற்றுவதே இதன் தொழில். பித்தநீரில் கொலஸ்திரோல் மிகுந்தால் அது படிந்து கல்லாகும். பெண்களிடத்தும், பல முறை கருவுற்றோரிடத்தும், நாற்பதைக் கடந்தோரிடத்தும், உடல் பருத்தோரிடத்தும் இது அதிகம். தலசீமியா போன்ற குருதிநோய் உள்ள இளையோருக்கும் வேறுவகைக் கற்கள் உண்டாகலாம்.

கல் பையின் வாயில் சிக்கும்போதே வலி எழுகிறது. உணவுக்குப் பின், பெரும்பாலும் இரவில், வலப்புற விலாவின் கீழோ நெஞ்சுக்குழியிலோ தொடங்கி, முதுகுக்கும் வலத்தோளுக்கும் பரவிச் சில மணி நேரம் நிலைக்கும்.

கொதிகலத் தொழிற்சாலையிலிருந்து

முற்காலத்தில் இக்கல்லைக் காண்பது எளிதாயிருக்கவில்லை. பெரும்பாலான பித்தக் கற்களில் சுண்ணாம்புச் சத்துக் குறைவாதலின் அவை சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்தில் தென்படுவதில்லை. புகையிரதம் பதுளையை எட்டிய அதே 1924ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சென் லூயி நகரில் கிரஹாம், கோல் என்னும் அறுவை வைத்தியர் இருவர், ஒரு மருந்தைக் குருதியிற் செலுத்திப் பித்தப்பையை எக்ஸ்கதிருக்குப் புலப்படுத்தினர். பல பத்தாண்டுகளுக்கு இவ்வழியே கைகொடுத்தது.

ஒலியால் கல்லைத் தேடும் முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கிற்று. நீர்மூழ்கிக் கப்பலை எதிரொலியால் கண்டறிய முடியுமானால், உடலுள் மறைந்த கல்லையும் அறியலாகாதா? அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஜோர்ஜ் லுட்விக் என்பார், மனிதரின் பித்தக் கற்களை நாய்களின் உடலில் வைத்து, அவற்றின் எதிரொலியைப் பதிவுசெய்து 1949இல் அறிக்கையிட்டார்.

ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட் 1955இல் ஒரு கொதிகலத் தொழிற்சாலைக்குச் சென்றார். இரும்பில் உள்ள வெடிப்பை அறிய அங்கு ஒரு கழியொலிக் கருவி இருந்தது. அறுவையில் அகற்றிய கட்டிகளை அதில் வைத்துச் சோதித்தார். பின்னர், தீராப் புற்றுநோய் என்று முடிவுகட்டப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றைச் சோதிக்க, நீர் நிறைந்த கட்டி என்பது தெரிந்தது. அறுவையால் அவர் பிழைத்துக்கொண்டார். டொனால்ட் குழுவினரின் கட்டுரை 1958இல் வெளியாயிற்று.

எதிரொலி வரையும் படம்

மலைச்சரிவில் நின்று குரல் கொடுத்தால் எதிர்மலை பதில் தருகிறது. பதில் வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம் என்பதை மாணவர் அறிவர். இங்கும் தத்துவம் அதுவே. செக்கனுக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்குக் கேளாது. வயிற்றுப் பரிசோதனைக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையான அதிர்வுகள் பயன்படுகின்றன. காற்று இவ்வொலியைத் தடுக்குமாதலால் தோலின்மேல் குழைமம் பூசுவர்.

பித்தநீர் எதிரொலி எழுப்பாமையால் திரையில் கருமையாய்த் தோன்றும். கல்லோ ஒலியைத் திருப்பியனுப்பி வெண்மையாய் ஒளிரும். அதன் பின்னே கரிய நிழல் விழும். நோயாளி புரண்டு படுத்தால் கல்லும் உருளும். சுவரில் ஒட்டிய தசைவளர்ச்சி உருளாது. பையின் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்து, கருவியால் அழுத்தும் இடத்திலேயே வலியும் எழுமானால் அழற்சி என வைத்தியர் ஐயுறுவர்.

வெறுவயிறு ஏன்?

இப்பரிசோதனைக்கு 6 முதல் 8 மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வர். விடியற்காலையில் ரொட்டியும் பால்தேநீரும் உண்டு புறப்பட்டால், பித்தப்பை சுருங்கிவிடும். கல் இருந்தும் தெளிவாகத் தெரியாது. இன்னொரு நாள் வரவேண்டியதாகும். இன்னொரு பேரும் போகும். தண்ணீர் அருந்தலாமா என்பதையும், நீரிழிவுள்ளோர் மருந்தை என்ன செய்வது என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். எக்ஸ்கதிர் இல்லாமையால் கருவுற்ற பெண்களும் அஞ்சத் தேவையில்லை.

படம் மட்டும் போதாது

பித்தப்பைக் கற்களை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் இம்முறை காட்டிவிடும். எனினும் பித்தக்குழாயின் கீழ்ப்பகுதியிலுள்ள கல்லைக் குடல்வாயு மறைத்துவிடலாம். அப்போது வேறு பரிசோதனை தேவை. மேலும், கல் தெரிந்தவுடன் அறுவை என்பதில்லை. பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுதும் தொல்லையின்றிக் கிடக்கும். வலியும் கல்லும் சேர்ந்திருந்தால்தான் பையை அகற்றும் ஆலோசனை எழும். பையை இழந்தாலும் ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேயிருக்கும். வழமையான வாழ்வு நடத்தலாம்.

ஆனால் வலியோடு காய்ச்சல், மஞ்சட்காமாலை, அடங்காத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கல் வழுவிக் குழாயை அடைத்தால் குருதியில் நச்சு பரவலாம். சதையி அழன்று உயிருக்கே ஆபத்தாகலாம். மேல்வயிற்று வலியுடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது இருதய நோயாகவும் இருக்கக்கூடும்.

நம் நாட்டின் அரச மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இழப்பது ஒரு நாட் கூலி மட்டுமே. அதற்கு அஞ்சி வலியை மறைக்கும் தாயிடம், மேல்வகுப்பில் பயிலும் மகனோ மகளோ இதனை எடுத்துச் சொல்லி, வெறுவயிற்றோடு அழைத்துச் செல்வார்களாயின், அவர்கள் கற்ற கல்வி அன்றே வீட்டுக்குப் பயன்பட்டதாகும்.