கடைத் தேங்காயும் திறமூல நிரலும்

வார இறுதியில் மலேசியாவின் கியா பார்ம் சந்தைச் சாலையில் வண்டி நகராது. அந்த நெரிசலைத் தாண்டி, சுங்கை பாலாஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு விடுமுறையில் திரும்பும் பிள்ளைகளில் கணினி வேலை பார்ப்பவர்களும் உண்டு. மடிக்கணினியும் கூடவே வருகிறது. பைத்தான் மொழியில் தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் உதவும் 'ஓப்பன் தமிழ்' போன்ற திறமூலத் திட்டம் ஒன்றில் பிழை கண்ணில் படுகிறது. இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பிவிடலாம். நல்ல காரியம்தான். ஆனால் அனுப்பப்போகும் நிரல் யாருடையது? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை பெரும்பாலும் தெரியாமலே நடந்துவிடுகிறது.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது. எழுதியவருக்கே உரிமை என்பது பொது விதி. 26-ஆவது பிரிவில்தான் சிக்கல். வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பதிப்புரிமை முதலாளிக்கு மாறியதாகவே கருதப்படும். சட்டம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை இரவு தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து எழுதினேன் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. உங்களை எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்களோ அதே வகை நிரலா, வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் கேள்வியாகும்.

தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கியா பார்மில் ஒரு தங்கும் விடுதிக்கு முன்பதிவுச் செயலி எழுதிக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதே 26-ஆவது பிரிவின்படி உரிமை விடுதிக்காரருக்குப் போகும். இந்தியாவில் இப்படி இல்லை. அங்கே வெளியாளுக்கு எழுதிக் கொடுத்த மென்பொருள், எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். தமிழ்நாட்டு நண்பர் சொல்லும் ஆலோசனையை அப்படியே இங்கே பின்பற்றினால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

இதற்கு மருந்து மலிவானது. செயலிக்கான ஒப்பந்தத்திலேயே 'பொதுவான பகுதிகளின் உரிமை எழுதியவருக்கே' என்று ஒரு வரி சேருங்கள். சம்பளத்துக்கு இருப்பவர்கள் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அதிகாரம் உள்ள மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது; மேலாளர்கள் மாறிப்போவார்கள். லினக்ஸ் கருநிரல் திட்டம் 2004 முதல் ஒவ்வொரு பங்களிப்பின் கீழும் ஒப்பமிட்ட வரி கேட்கிறது. இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி அது. பலர் அதைச் சடங்காகத் தட்டச்சு செய்கிறார்கள். நாளை வழக்கு வந்தால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்த வரிதான்.

சரி, உங்கள் சொந்த நிரலையே கொடுத்துவிட்டீர்கள். உரிமை போய்விட்டதா? பல திட்டங்களில் போவதில்லை. நீங்கள் தருவது உரிமம். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். சில நிறுவனங்கள் மட்டும் தனி ஒப்பந்தம் நீட்டி முழு உரிமையையும் எழுதி வாங்கும். கையெழுத்துக்கு முன் முழுதும் படியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத மாணவர் என்றால் பெற்றோரும் உடன் படிக்கட்டும். திறந்த உரிமத்தில் வெளியிட்டதைப் பிறகு மனம் மாறித் திரும்ப வாங்குவதும் கடினம்.

உங்கள் பெயரை அழித்துவிட்டு ஒருவர் தன் பொருளாக விற்றால்? எம்ஐடி போன்ற தாராளமான உரிமம்கூடப் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியர், பொம்மை ரயில்களை இயக்கும் திறமூல மென்பொருளுக்காக வழக்காடினார். இலவசமாகக் கொடுத்தாலும் உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும். இங்கே 37-ஆவது பிரிவின் கீழ் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். இழப்பை நிரூபிக்க முடியாதபோது, ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை சட்டப்படியான இழப்பீடு உண்டு. உரிமைக்குப் பதிவு தேவையில்லை. மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பப்பட்டு அறிவிப்புச் செய்தால், அது நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

உரிமையோடு பாதுகாப்பையும் கவனியுங்கள். நிரல் வரலாற்றில் உங்கள் மின்னஞ்சல் முகவரி பதிந்துபோகும். நிரல் பகிரும் தளமான கிட்ஹப் தரும் மறைமுகவரியை முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ தவறிப் பதிவேறினால், கோப்பை அழிப்பதில் நேரத்தை வீணாக்காமல் முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்குங்கள். பாதுகாப்பு ஓட்டை கண்டால் பராமரிப்பாளருக்குத் தனியாகச் சொல்லுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினியில் சோதித்துப் பார்த்தால் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். நல்ல நோக்கம் இருந்தது என்று பிறகு விளக்குவது வக்கீல் செலவில்தான் முடியும்.

உங்கள் நிரலின் உரிமத்தை யாராவது மீறுவதைக் கண்டவுடன் வழக்குக்கு ஓட வேண்டாம். பக்கங்களைத் தேதியோடு படமெடுத்து, உரிமத்தின் வரியைச் சுட்டி, மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால், அந்த நிரலை வைத்திருக்கும் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை.