மரத்துப்போதல்: பராமரிப்பு இல்லங்களும் 'பர்ன்-அவுட்' என்கிற சொல்லும்

'பர்ன்-அவுட்' என்கிற சொல் நமது சமூகப்பணித் துறைக் கருத்தரங்குகளில் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. முதியோர் இல்லமோ, குழந்தைகள் காப்பகமோ, மனநலக் காப்பகமோ, எதுவானாலும் சரி, பணியாளர்களுக்கு வருஷத்தில் ஒருநாள் பயிலரங்கு. காலையில் மூச்சுப்பயிற்சி, நடுவில் நேர்மறைச் சிந்தனை பற்றி ஒரு சொற்பொழிவு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். மறுநாள் அதே இரவு டியூட்டி, அதே நாற்பது கட்டில், அதே இரண்டு பேர். களைப்பு என்பது களைத்தவரின் மனசுக்குள் இருக்கிற கோளாறு, அதை அவரேதான் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது இந்தப் பயிலரங்குகளின் சொல்லப்படாத சித்தாந்தம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரைப் பேசாமல் விடுகிறது என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளப்பகுப்பாய்வாளர் 'ஊழியர் பர்ன்-அவுட்' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதிலேயே தப்பி அமெரிக்கா போனவர். பகலில் நியூயார்க்கில் சொந்தமாகத் தொழில். அது முடிந்தபின், போதைப்பழக்கத்தில் சிக்கிய இளைஞர்கள் வந்துபோகும் ஓர் இலவச மருத்துவமனையில் இரவு வெகுநேரம் வரை வேலை. அங்கே வேலைசெய்த தொண்டர்கள் ஏறத்தாழ ஒரு வருஷத்தில் ஆளே மாறிப்போவதைக் கவனித்தார். தூக்கமில்லை, ஓயாத ஜலதோஷம், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், யார் என்ன சொன்னாலும் நம்பிக்கையின்மை. அவருக்கே இது வந்தது. இதைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். 'பர்ன்-அவுட்' என்பது போதை மருந்தால் முற்றாக அழிந்துபோனவனைக் குறிக்கத் தெருவில் புழங்கிய சொல். நோயாளிக்கு உரிய சொல்லை எடுத்து அவனுக்குச் சிகிச்சை தருகிறவர்களுக்கும் தனக்கும் சூட்டிக்கொண்டார். பராமரிப்பவரும் பராமரிக்கப்படுபவரும் ஒரு கணம் ஒரே சொல்லுக்குள் நின்றார்கள். பின்னால் வந்த நிர்வாக உளவியல் இந்தப் பொதுமையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

ஆனால் ஃப்ராய்டன்பெர்கரின் சொல்லிலும் ஒரு வர்க்கம் ஒளிந்திருக்கிறது. எரிந்து அணைய வேண்டுமானால் முதலில் பற்றி எரிந்திருக்க வேண்டும். அவருடைய தொண்டர்கள் லட்சியத்தோடு வந்தவர்கள். போதும் என்று தோன்றினால் வீட்டுக்குப் போக முடிந்தவர்கள். நமது ஊர் முதியோர் இல்லத்து ஆயாவை இந்தச் சொல்லுக்குள் எப்படி அடைப்பது? நான் பேசிப் பழகிய ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், சொன்னார்: "லட்சியமெல்லாம் ஏதுங்க. அவரு போனப்புறம் மூணு வீட்டுல பாத்திரம் தேய்ச்சேன். இங்க சோறும் போட்டுத் தங்க எடமும் குடுக்கறாங்கன்னு வந்தேன்." வெறுத்துப்போச்சா என்று கேட்டேன். "வெறுப்பெல்லாம் இல்ல. மரத்துப்போச்சு. மொத மொத ஒரு பாட்டி செத்தப்ப ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப துணிய மாத்தி, கண்ண மூடிவிட்டு, டீ குடிக்கப் போயிருவேன்."

இந்த 'மரத்துப்போச்சு' என்பதை நாம் ஒரு கலைச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நியாயமும் இருக்கிறது. ஃப்ராய்டன்பெர்கருக்கு முன்பே 'எரிந்தணைந்தவர்' என்கிற பிரயோகம் தொழுநோய் மருத்துவத்தில் இருந்தது. கிருமி செத்துவிட்டது, நோய் ஓடி முடிந்துவிட்டது, ஆனால் போன விரல்கள் திரும்பாது. அப்படிப்பட்டவரை அப்படிக் குறித்தார்கள். கிரஹாம் கிரீன் 1959இல் பெல்ஜியன் காங்கோவின் யோண்டா தொழுநோய்க் குடியிருப்புக்குப் போய்வந்து எழுதிய நாவலின் தலைப்பே இந்தப் பிரயோகம்தான். நமக்கு இன்னும் பக்கத்தில், கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் இருக்கிறார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அப்படியல்ல, வலி தெரியாததால்தான் விரல் போகிறது என்று காட்டியவர் அவர். கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்த கை விடாது. முள் தைத்த கால் நிற்காது. காயம் மேல் காயம்.

வலி தெரியாமல் போவது பாதுகாப்பு என்றுதான் தோன்றும். பராமரிப்பு இல்லத்தில் அன்றாடத்தை ஓட்ட அது உதவவும் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். தொழுநோயாளிக்கு மரத்த கை அவருடையது, புண்ணும் அவருடையது. காப்பகத்தில் மரத்துப்போவது ஊழியர்; புண் படுக்கையில் கிடப்பவரின் முதுகில். படுக்கைப்புண்ணைச் சொல்கிறேன். ஆளைத் திருப்பிப் போடாமல் விட்டால் வருவது அது.

மரத்துப்போவது தனியாள் பலவீனமா, நிறுவனமே பழக்கித் தருகிற ஒன்றா? இந்தக் கேள்விக்கு நான் படித்ததில் மிகச் சரியாகப் பதில் சொன்னது ஃப்ராய்டன்பெர்கருக்கும் முந்தைய ஓர் ஆய்வு. 1960இல் வெளிவந்தது. எழுதியவர் இசபெல் மென்ஸீஸ், லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர். லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனை அவர்களைக் கூப்பிட்டது. செவிலியர் பிரிவில் சுமார் 700 பேர், அதில் முழுப்பயிற்சி பெற்றவர்கள் 150 பேர்தான், மிச்சமெல்லாம் மாணவிகள். அந்த மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கு பாதியிலேயே போய்விடுகிறார்கள். ஏன்?

நோயும் சாவும் அருவருப்பும் உடல் நெருக்கமும் கலந்த வேலை அது, பதற்றத்தைக் கிளப்பாமல் இருக்காது என்பதிலிருந்து மென்ஸீஸ் தொடங்குகிறார். இதில் புதுசு ஒன்றுமில்லை. புதுசு என்னவென்றால், இந்தப் பதற்றத்தை எதிர்கொள்ளாமல் தப்பிக்க மருத்துவமனை தன்னுடைய வேலைமுறையையே ஒரு தற்காப்பு எந்திரமாகக் கட்டிவைத்திருக்கிறது என்று அவர் கண்டதுதான். ஒரு செவிலி ஒரு நோயாளியை முழுசாகப் பார்த்துக்கொள்வதில்லை. வேலைப் பட்டியல் இருக்கும்: ஒருத்தி எல்லோருக்கும் உடல்வெப்பம் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். முப்பது பேரைத் தொடுவாள், ஒருவரையும் தெரிந்துகொள்ள மாட்டாள். நோயாளிக்குப் பெயர் கிடையாது. 'பத்தாம் கட்டில் கல்லீரல்' என்பார்கள். எந்தக் கட்டிலானாலும் விரிப்பை ஒரே மாதிரிதான் மடிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தூங்கினால் நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்தாலும், டாக்டர் வருவதற்குள் முகம் துடைக்க வேண்டும் என்று நோயாளிகளை விடியலிலேயே எழுப்புவார்கள். முடிவெடுக்கும் பொறுப்பு கீழே இருப்பவளிடம் தங்கவே தங்காது, சின்ன விஷயத்தைக்கூட மேலே தள்ளுவார்கள். மாணவிகளை வார்டு விட்டு வார்டு அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றினால் வருத்தப்படாதவளே நல்ல செவிலி.

இதன் விளைவு என்ன? பதற்றம் தீரவில்லை, அமுக்கிவைக்கப்பட்டது. கூடவே அந்தத் தற்காப்பே புதுப் பதற்றங்களைக் கிளப்பியது. நோயாளி தேறுவதைப் பார்க்கிற சந்தோஷம்கூட யாருக்கும் மிஞ்சவில்லை, ஏனென்றால் யாரும் யாரையும் முழுசாகப் பார்த்துக்கொள்ளவில்லையே. விட்டுப்போன மாணவிகளில் முதிர்ச்சியும் திறமையும் உள்ளவர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதையும் மென்ஸீஸ் கவனிக்கிறார். வேலையைத் தாங்கமுடியாமல் போனவர்கள் என்று இவர்களைச் சொல்வது சரியாகாது. மரத்துப்போக மறுத்தவர்கள் என்றும் சொல்லலாம்.

இதைப் படித்தபோது நமது இல்லங்கள்தான் கண்ணுக்கு வந்தன. அந்த அம்மா வேலைபார்த்த இல்லத்தில் மாசத்துக்கு ஒருதரம் ஆயாக்களை அறை மாற்றிவிடுவார்கள். ஏனென்று கேட்டதற்கு நிர்வாகம் சொன்ன காரணம்: "பாசம் ஒட்டிக்கிடும்." லண்டனில் பூசி மெழுகியது இங்கே பட்டவர்த்தனம்.

மென்ஸீஸிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. வேலைப் பட்டியலை நாம் புதுசாகத் தயாரிக்க வேண்டியதில்லை, சாதி ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கிறது. மருந்து கொடுப்பது ஒருவர், கணக்கெழுதுவது ஒருவர், பீ அள்ளுவதும் புண் துடைப்பதும் பிணம் கழுவுவதும் இன்னொருவர். பெரும்பாலும் தலித் பெண்கள். 'நர்ஸம்மா' தொடாததை 'ஆயா' தொடுகிறாள். பதற்றத்தையும் அருவருப்பையும் மேலே தள்ள வழியில்லாமல் கடைசியாக வாங்கிக்கொள்கிற உடல் அவளுடையது. பயிலரங்கில் பர்ன்-அவுட் பற்றிப் பேசுகிறவர் அநேகமாக ஆலோசகர், மேலாளர், சமூகப்பணிப் பட்டதாரி. ஆயா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உணர்ச்சி வற்றுதல், எதிரிலிருப்பவரை ஆளாகப் பார்க்காமை, நாம் சாதித்தது ஒன்றுமில்லை என்கிற நினைப்பு என்று மூன்று கூறுகள். உலகம் முழுக்க இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். இரண்டாவது கூறு எனக்கு உறுத்துகிறது. 'ஆளாகப் பார்க்காமை' என்பது ஊழியரின் நோய்க்குறியாகப் பதிவாகிறது. அப்படிப் பார்க்கப்படாதவரின் கதி எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை. மாஸ்லாக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1997இல் மைக்கேல் லைட்டருடன் எழுதிய புத்தகத்தில் பிரச்சினை ஆளிடம் இல்லை, வேலைச்சுமை, அதிகாரம், நியாயம் இவற்றில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பேச்சைக் கண்டுகொள்வதில்லை.

அந்தப் பதிவாகாத கதிக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியைக் கொடூரம் என்றோம், மூடநம்பிக்கை என்றோம். இரண்டும் சரிதான். ஆனால் சங்கிலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஆள் வைக்காமல் ஆளைக் காவல் காக்கிறது. சம்பளம் கேட்காது, தூங்காது, களைப்படையாது, பாசமும் வைக்காது. பராமரிப்பவரை எந்திரமாக்கும் தர்க்கம் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. கழற்றிய சங்கிலிக்குப் பதில் எத்தனை ஆள் போட்டார்கள் என்று எந்த இல்லத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆள் போடாததற்கும் போட்டவருக்குக் கூலி கொடுக்காததற்கும் நம்மிடம் அழகான சொற்கள் இருக்கின்றன: சேவை, தொண்டு, அர்ப்பணிப்பு, தாயுள்ளம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுப்பதன் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018இல் அது பணியாளருக்கு 3000 ரூபாயிலிருந்து 4500 ஆனது, உதவியாளருக்கு 1500இலிருந்து 2250. தமிழ்நாட்டில் கொஞ்சம் மேல். இங்கே அதற்குப் பெயர் 'சிறப்புக் காலமுறை ஊதியம்'. அந்தச் 'சிறப்பு' ஒழிய வேண்டும், வெறும் காலமுறை ஊதியம் போதும் என்பதுதான் ஊழியர்களின் கோரிக்கை! இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. கௌரவத்தைக் கூலியாகக் கொடுத்தால் 'முடியலேங்க' என்று சொல்லும் உரிமை பறிபோய்விடுகிறது. தாய்க்கு ஓவர்டைம் ஏது? அலுத்துக்கொள்கிற ஆயா வேலை சரியாகச் செய்யாதவள் என்பதோடு நிற்காது, ஈரமில்லாதவள் என்றும் ஆகிறாள்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட்டுக்கு ஒரு வரையறை கொடுத்தது. நோய் அல்ல, வேலை சார்ந்த நிகழ்வு என்றது. நல்லதுதான். ஆனால் சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலையிட அழுத்தத்தால் வருவது என்கிற அதன் வாக்கியத்தில் எழுவாய் இல்லை. கையாளாதது யார்? அந்த வெற்றிடத்தில் நிர்வாகம் ஆயாவின் பெயரை எழுதிப் பயிலரங்குக்கு அனுப்பிவைக்கிறது.

மென்ஸீஸ் பின்னாளில் லண்டனில் ஓர் எலும்பு முறிவு மருத்துவமனையில், நீண்டகாலம் படுத்துக்கிடக்கும் சின்னக் குழந்தைகளின் வார்டில் வேலைசெய்தார். அங்கே வேலைப் பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொரு பணியாளரும் குறிப்பிட்ட சில குழந்தைகளுக்குப் பொறுப்பு என்று வைத்தார்கள். குழந்தை வீட்டுக்குப் போகும்போது வருத்தம் வரத்தான் செய்யும். அதை மறைக்காமல் பேச இடம் வேண்டும் என்பதும் ஏற்பாட்டின் பகுதி. இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். ஆள் வேண்டும், நேரம் வேண்டும், முடிவெடுக்கிற அதிகாரம் கீழே வர வேண்டும். நான் இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நைட்டுக்கு எத்தனை பேரு போடுவாங்க?" என்றார்.