செவிவழி ஆறுதல்

நுழையும்முன்

மும்பை மாநகரின் நலவாழ்வு நிலையங்கள் சிலவற்றில் 'ஒலிக்குளியல்' என்னும் அறிவிப்பைக் காணலாம். நீரின்றிக் குளிப்பது எவ்வாறு? ஒலியால் நோய் தீருமா? இவ்வினாக்களுக்கு இப்பாடத்தில் விடை காண்போம்.

ஒலிக்குளியல்

ஒலிக்குளியல் நடைபெறும் அறையில் விளக்கொளி மங்கலாக இருக்கும். வந்தவர்கள் பாயில் படுத்துக் கண்களை மூடிக்கொள்வர். பயிற்றுநர் வெண்கலக் கிண்ணங்களை மென்மையான கோலால் தட்டுவார். சில வேளைகளில் கிண்ணத்தின் விளிம்பை அக்கோலால் சுற்றித் தேய்ப்பார். சேகண்டி போன்ற பெரிய உலோகத் தட்டையும் இடையிடையே முழக்குவார். இக்கிண்ணங்கள் நேபாளம் முதலிய இமயமலைப் பகுதிகளிலிருந்து வருபவை. செம்பும் வெள்ளீயமும் கலந்ததே வெண்கலம். நம் கோயில் மணிகளும் வெண்கலத்தால் வார்க்கப்படுபவையே. ஆதலால் இரண்டின் ஒலியும் தட்டியவுடன் அடங்கிவிடாமல் நெடுநேரம் நீண்டு ஒலிக்கின்றது.

பொருள் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை மனிதச் செவி உணரும். கிண்ணத்தைத் தட்டும்போது, அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு ஒலிகள் உடன் எழுவதுண்டு. ஒன்று நொடிக்கு 200 முறையும் மற்றொன்று 204 முறையும் அதிர்வதாகக் கொள்வோம். அப்போது ஒலி நொடிக்கு 4 முறை ஏறி இறங்கும். இதனை 'விம்மல்' என்பர் இயற்பியலார். அமைதியாகப் படுத்து இந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்பவரின் மூச்சு சீராகிறது, தசைகள் தளர்கின்றன, மனம் ஓய்வு கொள்கிறது.

பழந்தமிழர் கண்ட வழி

நோயுற்றவர் அருகே இன்னொலி எழுப்பும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 281ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்ட வீரன் ஒருவன் வீட்டில் கிடக்கிறான். அவனைக் காக்கும் பெண்கள் இரவமரத் தழையையும் வேப்பிலையையும் மனையில் செருகுகின்றனர், வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர். யாழும் பிற இசைக்கருவிகளும் முழங்குகின்றன. மணியை ஒலித்துக் காஞ்சிப்பண்ணும் பாடுகின்றனர். இவற்றால் புண்பட்டவனைப் பேய் அண்டாது என்பது அக்கால நம்பிக்கை. அந்நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும், வலியோடு கிடந்தவனுக்குத் தன்னைச் சூழ்ந்து அன்புடையோர் விழித்திருக்கின்றனர் என்பதை அவ்விசை உணர்த்தியிருக்கும் அன்றோ?

அகநானூற்றின் 102ஆம் பாடல் மற்றொரு காட்சியைக் காட்டுகிறது. தினைப்புனத்தில் ஒரு பெண் குறிஞ்சிப்பண் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த யானை, உண்பதை மறந்து நின்றவாறே உறங்குகிறது. இசை உறக்கம் தரும் என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். தாய்மார் பாடும் தாலாட்டு அவ்வறிவின் தொடர்ச்சியே. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியோர் தம் உடைமைகளோடு ஊர்த் தாலாட்டையும் கொண்டு வந்தனர்.

ஆறுதல் வேறு, மருந்து வேறு

அறுவை மருத்துவத்திற்குக் காத்திருப்போர் இசை கேட்டால் அவர்தம் அச்சம் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் கிண்ண ஒலி சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ தீர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அவ்வொலியை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்துவாராயின் அவர் உயிருக்கே இடர் நேரும்.

மருத்துவமனைகளிலும் ஒலி பயன்படுகிறது; அது வேறு வகையானது. செவிக்கு எட்டாத மீயொலியைக் கொண்டு உடலின் உள்ளுறுப்புகளைப் படம்பிடிக்கின்றனர். அதிர்வலைகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் முறை 1980இல் செருமனியில் தொடங்கியது. இவற்றின் பயன் அளந்து அறியப்பட்டது.

அமைதியும் ஒரு நலமே

இனிய ஒலி நலம் தருவது போலவே இரைச்சல் நலத்தைக் கெடுக்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே ஒலியின் வரம்பு என நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளி முதலியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. தாராவியின் ஒருபுறம் மேற்கு இரயில்பாதை; மறுபுறம் மத்திய இரயில்பாதை; நடுவே தையல் பொறிகளும் தோல் பட்டறைகளும். அங்கு வாழும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒலிக்குளியலுக்குப் பணம் செலுத்த இயலாது. இரவில் தொலைக்காட்சியின் ஒலியை நாம் குறைத்தால், அண்டை வீட்டாருக்கு அதுவே நாம் செய்யும் பேருதவியாகும்.

மாதுங்காவை அடுத்துள்ள சண்முகானந்த சபை 1952இல் தொடங்கப்பெற்றது. இசை விழாக்களை நடத்தும் அச்சபை, மருத்துவ மையம் ஒன்றையும் நடத்தி வருகிறது. மனத்தின் களைப்புக்கு இசையை நாடுவோம். உடலின் நோய்க்கு மருத்துவரை நாடுவோம்.

தெரிந்து தெளிவோம்

தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சித்த மருத்துவர். இசை ஆய்வாளரும் ஆவார். அவர் எழுதிய 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைத்தமிழ் ஆய்வுநூல் 1917இல் வெளிவந்தது.

சொல்லும் பொருளும்

பண் – இசை வகை
மனை – வீடு
தினைப்புனம் – தினை விளையும் நிலம்
அண்டாது – நெருங்காது
இடர் – துன்பம்

சிந்தித்து விடை எழுதுக

1. வெண்கலக் கிண்ணத்தின் ஒலி ஏறி இறங்குவது ஏன்?
2. புண்பட்ட வீரனைக் காக்கப் பெண்கள் செய்தவை யாவை?
3. 'ஆறுதல் வேறு, மருந்து வேறு' – இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. உங்கள் வீட்டுப் பெரியோர் அறிந்த தாலாட்டு ஒன்றைக் கேட்டு, அவர்கள் சொன்னவாறே எழுதி வருக.