வெளிநாட்டில் ஒரு பருவம்: பள்ளியிலேயே தொடங்கும் வேலை

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு இரண்டுதான் தோன்றுகிறது. ஒன்று, வீட்டை அடமானம் வைத்து அனுப்பும் முழுப் பட்டப்படிப்பு. மற்றொன்று, ‘அதெல்லாம் நமக்கு எட்டாது சார்’ என்ற முடிவு. இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. உள்ளூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரே ஒரு பருவம், நான்கைந்து மாதங்கள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்புவது. இதை மாணவர் பரிமாற்றம் என்கிறார்கள். நான் முதல்வன் திட்டத்தின் ஸ்கவுட் பிரிவில் 2024இல் நம் மாநிலக் கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது குறுகிய காலப் பயிற்சி. பரிமாற்றப் பருவம் அதைவிட நீண்டது, மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறுவது.

இராஜபாளையத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். என் முன்னாள் மாணவி ஒருத்தி இப்படி ஜெர்மனிக்குப் போய்வந்தபோதுதான் இதன் உள்விவரங்கள் எனக்குத் தெரியவந்தன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் குடும்பத்துப் பெண் அவள்.

முறை எளிது. இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. மாணவர் தம் கல்லூரிக்கு வழக்கமான கட்டணத்தைக் கட்டுவார். அங்கே பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. விமானம், விடுதி, சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. ஜெர்மனி விசாவுக்கு, 2024 செப்டம்பர் முதல், மாதம் 992 யூரோ கையிருப்பு காட்ட வேண்டும். ஐந்து மாதத்துக்கு ஏறக்குறைய 5,000 யூரோ. தறி வருமானத்தில் அது நடக்காது. உதவித்தொகைக் கடிதம் இருந்ததால்தான் அவளால் போக முடிந்தது. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் 2015 முதல் இந்தியா போன்ற நாடுகளின் மாணவர்களுக்கும் இத்தகைய பருவத்துக்குப் பயணச் செலவும் மாதத் தொகையும் தருகிறது. ஆனால் தனியாக விண்ணப்பிக்க முடியாது. கல்லூரிக்கு அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும், கல்லூரியே பெயரைப் பரிந்துரைக்க வேண்டும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. பலர் இடறுவது இங்கேதான். ஐரோப்பாவில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. நம் நாட்டில் 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட், ஒவ்வொன்றும் 30 மணி நேரம். அங்கே 6 கிரெடிட் பாடம் ஒன்றை முடித்தால் இங்கே எத்தனை? மணிக்கணக்குப்படி 5 அல்லது 6. பருவ விகிதப்படி 4. எந்தக் கணக்கு, எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைப் புறப்படும் முன்பே துறைத்தலைவரின் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்து அதே தாள்களை அரியராக எழுத நேரும்.

இவையெல்லாம் கல்லூரியின் வேலை. நம் வேலை பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலாகப் போட முடியாது. விரித்து எழுத வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘மா. முருகேஸ்வரி’ என்றிருப்பவர் அங்கே ‘முருகேஸ்வரி மாரியப்பன்’ ஆகிவிடுகிறார். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துகள். ‘ஸ்வ’ என்பதற்கு ஆதாரில் ‘டபிள்யூ’, பிறப்புச் சான்றில் ‘வி’. தமிழில் ஒரே பெயர். விசா அதிகாரிக்கு இரண்டு ஆட்கள். என் மாணவிக்கு இடம் உறுதியாகியும் இந்த ஓர் எழுத்தால் ஆறு வாரம் போனது. விசா கைக்கு வந்தபோது அங்கே வகுப்பு தொடங்க நான்கு நாள்தான் பாக்கி. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும் முன் திருத்துவது எளிது. சான்றிதழ் அச்சான பிறகு அலைச்சல்தான். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பெற்றோர் முன்னிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடலாம். 15 வயது நிறைந்தவர்கள் பத்தாண்டு பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம் என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவைக்கலாம்.

போய்வந்தவள் ஒருநாள் பள்ளிக்கு வந்து பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசினாள். அங்கே பாதித் தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகளாம்; பேராசிரியர் எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் பதில் சொல்ல வேண்டும். ‘பாடம் தெரியும் டீச்சர், ஆனா வாய் திறக்கத்தான் ஒரு மாசம் ஆச்சு’ என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இங்கேயே விட்டுப் போன வருத்தமும் அவளுக்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால்பொருள்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கடலைமிட்டாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகமோ, இராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரியோ, மதுரையோ, பிள்ளைகள் எங்கே சேர்ந்தாலும் சேர்க்கையின்போது கேட்கச் சொல்லி நான் எழுதிக்கொடுக்கும் கேள்விகள் நான்கு. எந்தப் பல்கலைக்கழகத்தோடு பரிமாற்ற ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது? கடந்த ஆண்டு எத்தனை பேர் உண்மையில் போனார்கள்? அவர்களின் கிரெடிட் ஏற்கப்பட்டதா? ஓர் அரியர் இருந்தாலும் பெயர் பரிந்துரைக்கப்படுமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அதுவரை கலர் கையேட்டைக் கையில் வாங்கிவிட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிறேன்.